எழவு வீட்டுக்குத் தள்ளுபடி

எனக்குக் கோபம் வந்தால் தையல் மிஷினைக் கண்மண் தெரியாமல் மிதிப்பேன். அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டின் கழுத்தையே மூடித் தைத்துவிட்டேன். காரணம் தண்டாயுதபாணி. சேந்தமங்கலத்தில் சாமியானாவும் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடுகிறவர். எங்கே சாவு விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான். ஒப்பாரிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவர்தான் சொல்வார். நாலு மாதமாக அவர் எங்கள் ஊர் ஒப்பாரிக்காரி அங்காளம்மாளின் பேரையே எடுப்பதில்லை, தன் மச்சினனின் குழுவையே அனுப்புகிறார்.

இதை அங்காளம்மாளே என் வாசலில் நின்று சொன்னார்.

"ஏங்கண்ணு சித்ரா, பாவாயி முறுக்கெல்லாம் உன்ற போனு வழியாத்தான் விக்குதாமா. என்னையும் அதுல ஏத்தி உடு. நாலு மாசமா வாயத் தொறக்கல. இப்படியே போச்சுன்னா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கத்தான் போவோணும். இந்தத் தொண்டைய வெச்சுக்கிட்டு கோழிகிட்டயா பாடறது?"

'பக்கத்தூடு' நான் நடத்துகிற இணையப் பக்கம். வேண்டியதைத் தட்டினால், பக்கத்தில் யார் அதை வீட்டிலிருந்தபடி செய்கிறார்கள் என்று காட்டும். முறுக்கு, மருதாணி, தையல், பம்பை மேளம் எல்லாம் இருந்தது. ஒப்பாரி மட்டும் இல்லை.

"போட்டோ வேணுங்க்கா. கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்ச மூஞ்சியப் பாத்துட்டு எவ கண்ணு எழவுக்குக் கூப்புடுவா?"

சரி, அழச் சொல்லி எடுத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் முறைத்த முகத்தையே போட்டேன்.

படம் ஏற்றிய ஒன்பதாம் நாள் நாமக்கல்லிலிருந்து அழைப்பு வந்தது. லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் செங்கோடனின் அம்மா இறந்துவிட்டார், எண்பத்து நாலு வயது. அங்காளம்மாள் போனார், பாடினார், வந்திருந்த அத்தனை பேரையும் கதற வைத்துவிட்டுத் திரும்பினார். நானே பாடியதுபோல எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்குச் செங்கோடன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நீங்கெல்லாம் மனுசங்கதானுங்களா? எங்கப்பன் தொண்ணூறு வயசுல கட்டில்ல உக்காந்திருக்கறாரு. அடுத்த முறை தள்ளுபடின்னா, அது யாருக்குங்க?"

அவ்வளவு கோபத்திலும் 'ங்க' குறையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலை முடிந்த மறுநாள் காலையில் வாடிக்கையாளருக்குத் தானாக ஒரு செய்தி போகும். பாவாயியின் முறுக்குக்காக நான் எழுதி வைத்தது. பாழாய்ப்போன அந்தச் செய்தி இப்படிப் போயிருக்கிறது:

"வணக்கம் செங்கோடன்! அங்காளம்மாளை அழைத்ததற்கு நன்றி. உங்கள் வீட்டுக்கு விரைவில் மீண்டும் வர ஆவலாக இருக்கிறோம். அடுத்த முறை பத்து சதவீதம் தள்ளுபடி! எப்படி இருந்தது என்று எழுதுங்கள்."

எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வாரேன்' என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு படியிறங்கிவிட வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நானோ ஆவலாக இருக்கிறோம் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்!

விஷயத்தைச் சொன்னதும் அங்காளம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு. இனி நாமக்கல்லுல ஒரு ஊட்டுப் படி ஏற முடியாது. முட்டைதான் பொறுக்கோணும்." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து சேலையை உதறினார். "நட கண்ணு. நேர்ல போயிக் கால்ல உழுந்துருவோம்."

பஸ் பிடித்துப் போனோம். பால் தெளிக்கிற சடங்குக்கு உறவெல்லாம் கூடியிருந்தது. எங்களைப் பார்த்த பார்வையில் பாலே திரிந்திருக்கும். "தப்பெல்லாம் என்னுதுங்க, அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கைகூப்பினேன். செங்கோடன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்த அவர் அப்பா சின்னுசாமி முந்திக்கொண்டார்.

"என்னம்மா அது, போனுல வந்தது? படி."

நல்ல சாவு எனக்கு அப்போதே வந்திருக்கலாம். படித்தேன். தள்ளுபடி வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

"எத்தன?"

"பத்து சதமுங்க."

"இத்தன பெரிய பட்டறை வெச்சிருக்கறவன் அப்பனுக்குப் பத்துத்தானா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். பெரியவர் அங்காளம்மாளைப் பார்த்தார்.

"அம்மணி, நீ பாடுன பொறவுதான் எனக்கு அழுகையே வந்துது. அது வரைக்கும் கல்லாட்டம் உக்காந்திருந்தேன். ஆனா, புருசன எதுத்து ஒரு வார்த்த பேசாதவளுன்னு பாடுனியே, அத யாரு சொன்னது?"

"உங்க பையன் சொன்னதுங்க சாமி."

செங்கோடன் தரையைப் பார்த்தார்.

"அறுபத்தஞ்சு வருசத்துல அவ என்னைத் திட்டாத நாளில்ல. காப்பித்தண்ணி குடுக்கறப்பவும் திட்டித்தான் குடுப்பா. நேத்திருந்து இந்த ஊட்டுல என்னைத் திட்ட ஒரு நாதியில்ல." அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

அங்காளம்மாள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். "எப்படிங்க சாமி திட்டுவாங்க? சொல்லுங்க." அவர் சொல்லச் சொல்ல இவர் தலையாட்டினார். கடைசியில் பெரியவர் மகனைக் கூப்பிட்டார்.

"எப்படி இருந்துதுன்னு கேட்டிருக்கறாங்கல்ல? எழுது. நல்லா அழ வெச்சாங்க. பொய் கொஞ்சம் சாஸ்தி, அது என்ற பையன் தப்பு. எனக்கும் இவிங்களையே கூப்புடோணும். தள்ளுபடி வேண்டாம்."

செங்கோடன் ஒரு வார்த்தை மாற்றாமல் தட்டினார்.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது செங்கோடனின் தங்கை பின்னாலேயே வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு அங்காளம்மாளின் காதருகே குனிந்தார். "ஏனுங்க, எங்க மாமியாருக்குங்க... இப்ப ஒண்ணும் அவசரமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறாங்க. நம்பரு மட்டும் இருக்கட்டுமுங்க."

அங்காளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். சடங்குக்கு வந்திருந்த இன்னும் நாலு பேர் எங்கோ பார்ப்பதுபோல நின்று, அதைத் தங்கள் போனிலும் ஏற்றிக்கொண்டார்கள்.