முன்னூறு வார்த்தைக்குள்

தன் அண்ணன் இறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஃபாரம் அத்தை அவரை முன்னூறு வார்த்தைக்குள் அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, 'இன்று விடியற்காலை என் தந்தை என் கைகளிலேயே உயிர் துறந்தார்' என்று அண்ணன் மகள் சொல்வதுபோலத் தட்டிவிட்டு யோசித்தாள். கைகளும் இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணன் போனது குளியலறை வாசலில், வாயில் பிரஷ்ஷோடு. ஆனால் பிரஷ்ஷுக்கு யார் மார்க் போடுவார்கள்? கைகளே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். தொழில் புத்தி.

கல்லூரி உதவித்தொகை விண்ணப்பங்களில் 'குடும்பச் சூழலை விவரிக்கவும்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்காகவே பிள்ளைகள் அவளைத் தேடி வந்தார்கள்; ஃபாரம் அத்தை என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஒழுகாத கூரைகளை ஒழுக வைத்திருக்கிறாள். தெம்பாக நடமாடிய தாத்தாக்களைப் படுக்கையில் தள்ளியிருக்கிறாள். சர்க்கரையே இல்லாத அப்பாக்களுக்குச் சர்க்கரை ஏற்றியிருக்கிறாள். அவள் புண்ணியத்தில் பதினோரு பேர் இயற்பியலும் வேதியியலும் படித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் நரகம்தான் என்றால், அங்கே சேரவும் ஏதாவது ஃபாரம் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன் மகளும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. ஒரு உதவித்தொகைத் திட்டம் அவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது. மாலை வேளைகளில் பயிற்சியாளர் ஒருவரை வைத்து, எப்படிக் கைகுலுக்குவது, நேர்காணலில் எப்படி உட்காருவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தது. இன்று பத்து மணிக்கு அவளுக்கு வீடியோவில் நேர்காணல். தேர்வானால் பெரிய ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் வேலை. எட்டுப் பேரில் நான்கு பேரைத்தான் எடுப்பார்கள். வேறு நாள் தரச் சொல்லிப் பயிற்சியாளர் காலையிலேயே கெஞ்சிப் பார்த்துவிட்டார். பட்டியல் இன்றோடு முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து அண்ணன் மகள் உள்ளே வந்தாள். திட்டத்தார் இரவல் கொடுத்த கறுப்புக் கோட்டு, தோள் ஒரு சுற்றுப் பெரிது. பின்னாலேயே பயிற்சியாளர்.

"அம்மாதான் போகச் சொன்னாங்க" என்றாள். "பத்தரைக்குள்ள வந்துடுன்னாங்க."

பயிற்சியாளர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சங்கடப்படும்போது செய்வதைப்போலத் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "சொல்றதுக்கே கஷ்டமா இருக்கும்மா. உங்களைப் பத்தி சொல்லுங்கன்னுதான் ஆரம்பிப்பாங்க. அப்பவே இதைச் சொல்லிடு. யாருக்கும் உன்னை வேணாம்னு சொல்ல மனசு வராது."

"நானே எழுதி வச்சுட்டேன்" என்று அத்தை சூடு ஆறாத தாளை நீட்டினாள்.

அவள் இரண்டு வரி படித்தாள். "என் கையிலயா?"

"ஒரு எஃபெக்டுக்குடி."

"அப்பா படிச்சிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்."

"அவன் எதுக்குத்தான் சிரிக்கல..." அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் தாளை நான்காக மடித்து அத்தையின் கையிலேயே வைத்தாள். "செத்தது அப்பா. இன்டர்வியூ எனக்கு. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க."

"பிடிவாதம் பிடிக்கிற நேரமாடி இது?"

"இதுதான் நேரம் அத்தை."

கேமராவில் படாமல் அத்தை ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பயிற்சியாளர் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே ஒடுங்கினார். பத்து மணிக்கு ஸ்பீக்கரில் குரல்கள் வந்தன. முதலில் ஒரு பெண் குரல், இதமாக.

"ரொம்ப கஷ்டமான குடும்பத்துல இருந்து வர்றீங்கன்னு ஃபைல்ல பார்த்தேன்மா. அதைப் பத்தி கொஞ்சம் சொல்லுங்களேன்."

"அது ஃபைல்லயே இருக்கு மேடம். நான் என் ப்ராஜெக்டைப் பத்தி சொல்லட்டுமா?"

போச்சு, என்று நினைத்தாள் அத்தை. பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் ஒரு வயதான ஆண் குரல் செருமியது. "சொல்லுங்க."

சொன்னாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்றின் பாய்லர். அதற்குள் படியும் உப்பு. பாய்லரை ஆறவிட்டுக் கழுவும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே குழாயிலிருந்து ஒரு சில்லு. நாற்பத்தோரு வாரம், நாற்பத்தோரு சில்லு. எடை, தடிமன், எதில் கரைத்தாள், என்ன கிடைத்தது. அத்தைக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அவள் குரல் கோட்டுக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது.

"மழைக்காலத்துல படிவு கூடியிருக்கே?" என்றார் பெரியவர். "ஏன்?"

"எனக்கும் தெரியல சார். மழைத் தண்ணி கலந்தா உப்பு குறையத்தானே செய்யணும்? ரெண்டு மாசம் தண்ணியவே சோதிச்சேன். தண்ணியில ஒரு வித்தியாசமும் இல்ல. அப்புறம் பாய்லர் ஆபரேட்டர்தான் சொன்னார்: மழைன்னா துணி மாடியில காயாது, நீராவியிலதான் காய வைக்கணும், ராத்திரி பகலா பாய்லர் ஓடும்னு. ஓடின நேரத்தால வகுத்துப் பார்த்தேன். கோடு நேராயிடுச்சு."

யாரோ சிரித்தார்கள். மூக்கால் விடுகிற, மெச்சுகிற சிரிப்பு.

"நாற்பத்தோரு வாரத்துல ஒண்ணுகூட விட்டுப்போகலையா?"

"இல்ல சார். காய்ச்சலோடகூட எடுத்து வச்சிருக்கார். ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் தேதி, மணி, அழுத்தம் எல்லாம் எழுதியிருப்பார். நான் எழுத மறந்ததுக்குத் திட்டும் வாங்கியிருக்கேன்."

"அந்த ஆபரேட்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்கணுமே. போன்ல பிடிக்க முடியுமா?"

அத்தை மிஷினின் ஓரத்தைப் பற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கு முடியாது சார்" என்றாள் அவள். குரல் ஒரு இழை இறங்கி, மறுபடி ஏறியது. "லீவுல இருக்கார். என்னைக் கேளுங்க. அவருக்குத் தெரிஞ்சது எல்லாம் எனக்குத் தெரியும்."

கேட்டார்கள். கால் மணி நேரம் என்று சொல்லியிருந்தவர்கள் நாற்பது நிமிடம் கேட்டார்கள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. பயிற்சியாளருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "நல்லாத்தான் பேசினே. ஆனா அதைச் சொல்லியிருந்தா இடம் உறுதிம்மா. இப்போ எப்படின்னு சொல்ல முடியாது."

"போனா போகட்டும் சார். அடுத்த வருஷமும் பாய்லர்ல உப்பு படியும்."

"அவளை விடுங்க சார்" என்றாள் அத்தை. இதைத் தான்தான் சொன்னோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. பெண்ணுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "அப்பன் பிணமா கிடக்கான், மகாராணி கோட்டு மாட்டிக்கிட்டு எங்கடி ஊர்வலம் போயிட்டு வர்றே?"

"அவங்க அப்பாவோட பாய்லர் வேலை ஒண்ணு பாக்கி இருந்துச்சு. முடிச்சுட்டு வர்றா" என்றாள் அத்தை. "வழியை விடுங்க."

அவர் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டார்.

உள்ளே அண்ணி சுவரில் சாய்ந்திருந்தாள். மகளைப் பார்த்தாள். நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவள் கோட்டைக் கழற்றாமலே அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள்.

சும்மா இருந்தால் உடைந்துவிடுவோம் என்று அத்தைக்குப் பயமாக இருந்தது. கிண்ணத்தில் வெந்நீரும் துணியும் எடுத்து வந்து அண்ணனின் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். உள்ளங்கை சுத்தமாயிற்று. விரல் சுத்தமாயிற்று. நகக்கண்களில் மட்டும் வெள்ளையாக உப்புப்போல ஏதோ அப்பியிருந்தது. அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. துணியின் நுனியைத் திரித்து நகத்துக்கடியில் விட்டாள்.

அண்ணன் மகள் கையை நீட்டி அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது இருக்கட்டும் அத்தை."

அத்தை துணியைப் பிழிந்து கிண்ணத்தின் விளிம்பில் போட்டாள்.