செத்த கணக்குகள்

எந்தக் கம்பெனியின் செயலியைத் திறந்தாலும் புரோகிராமருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"செத்த கணக்கையெல்லாம் வச்சுக் கட்டி அழுறானுங்க. எங்க கம்பெனியில வருஷக்கணக்கா யாரும் உள்ள வரலன்னா மொத்தமா அழிச்சிடுவோம். அந்த புரோகிராம் நான் எழுதினது" என்று சாப்பிடும்போதெல்லாம் பீற்றிக்கொள்வான்.

மனைவியின் இறந்துபோன அப்பா பேத்திக்குக் கதை சொன்ன குரல் பதிவுகள் அதே கம்பெனியில்தான் அவர் கணக்கில் இருந்தன. அவற்றைக் கேட்கும் தைரியம் அவளுக்கு இன்றுதான் வந்தது. அப்படியொரு கணக்கே இல்லை என்றது திரை.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"மூணு தடவை மெயில் போயிருக்குமே" என்றான், பழக்கதோஷத்தில்.

"யாருக்கு?"



"மாமாவுக்கு."