மூலையில் ஒரு கட்டைவிரல்

"கைய மட்டும் வெச்சுராதீங்க தம்பி. மொட்டு விரிஞ்சா எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாது. எம் வேல போயிரும்" என்று சொல்லித்தான் சரசம்மா முத்துக்குமாரை ரோஜாப் பண்ணைக் கூடாரத்துக்குள் விட்டாள். மூக்கண்டப்பள்ளியில் ஒரே லைன் வீட்டு வரிசையில் இருவரும் அக்கம்பக்கம்.

முத்துக்குமாரின் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் புகைப்படப் போட்டி. புது டிஜிட்டல் கேமராவும் கையுமாக இரண்டு ஞாயிறுகளை அவன் பாழாக்கியிருந்தான். உச்சி வெயிலில் எடுத்த பூ வெளுத்துப்போனது. இன்னொன்றில் பூ மங்கி, பின்னாலிருந்த இலை பளிச்சென்று பதிந்தது. லேத்தில் இரும்பை மயிரிழை பிசகாமல் கடைகிறவனுக்கு அது மானப் பிரச்சினை.

கூடாரத்தின் பிளாஸ்டிக் கூரை வெயிலை வடிகட்டித் தந்தது. நிழல் பக்கம் சரசம்மா வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்ததும் இதழ் மடிப்புவரை வெளிச்சம் ஏறியது. ஆனால் விரியாமலிருக்க ஒவ்வொரு மொட்டுக்கும் வலைக்குல்லாய் மாட்டியிருந்தார்கள். குல்லாய் போட்ட பூவுக்கு எவன் பரிசு தருவான்? அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஆறு வலைகளைக் கழற்றினான். முன்னாலிருந்த மொட்டை விரலால் இதழ் இதழாக விரித்தும் விட்டான். திரும்பி வந்தவள் நெஞ்சில் கைவைத்தாள்.

"ஒரே ஒரு படம்க்கா."

"ஆனது ஆச்சு, சீக்கிரம் எடுங்க" என்று அட்டையைப் பிடித்தாள்.

எடுத்து முடிக்கவும் சூப்பர்வைசர் சென்னப்பன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. "வலைய யாரு கழட்டுனது? நீயா, இந்தாளா?"

சரசம்மா முத்துக்குமாரைப் பார்த்தாள். அவன் கேமராத் திரையைப் பார்த்தான். வாயைத் திறந்தால் கேமராவைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயம். அவ்வளவுதான், பெரிய காரணம் ஒன்றுமில்லை.

"நான்தான் சார்" என்றாள் அவள்.

"நாளைலருந்து வராத."

திரும்பும்போது ஒரே பஸ். இறங்கும்போது அவள், "படம் நல்லா வந்துச்சா தம்பி?" என்றாள். அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. தலையை ஆட்டினான்.

படம் கொடுக்கக் கடைசி நாளன்று ஸ்டுடியோக்காரப் பையன் கிங்ஸ்டன் அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான். "லைட்டிங் அள்ளுதுண்ணா! மூலைல மட்டும் ஏதோ வெரலு தெரியுது. வெட்டிட்டா கச்சிதமா இருக்கும்."

வெள்ளை அட்டையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். முள் கீறிய தழும்பு, நகக்கண்ணில் மண். பூவைப் போலவே துளி மங்காமல் பதிந்திருந்தது.

"யாரு வெரலுண்ணா இது?"

அன்று சென்னப்பன் கேட்டபோது பார்த்ததைப் போலவே, முத்துக்குமார் இப்போதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.