நீலப் பட்டை

தைத்துத் தந்துவிடுவாள் என்று நம்பித்தான் அய்தான் துணிகளை ஷமேயின் மேஜைமேல் விரித்தாள். சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் பழைய கொடியில் இருந்தவை. குர்துகளுக்கு மஞ்சள், அசிரியக் கிறிஸ்தவர்களுக்கு ஊதா, அய்தானின் துர்க்மேன் ஜனங்களுக்கு வானத்து நீலம். யசீதி மதத்தாருக்கு வெள்ளை, அவர்கள் உடுத்துவதே வெள்ளைதானே! பழைய கொடியின் நட்சத்திரங்களை எடுத்தாயிற்று, இனி ஈராக்கில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கொடி வேண்டும், பள்ளிகளும் மாதிரி அனுப்பலாம் என்று செய்தி வந்ததும், பஷீக்கா ஊர்ப் பெண்கள் பள்ளியில் தலைகால் புரியாமல் ஆடியவள் ஓவிய டீச்சர் அய்தான்தான். தையல் டீச்சர் ஷமே யசீதி. இருவரும் சேர்ந்து படித்து, சேர்ந்து வேலைக்கு வந்தவர்கள்.

ஷமே ஒவ்வொரு துணியாகத் தடவிப் பார்த்தாள். நீலத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது மட்டும் ஆகாதுடி. எங்க வீட்டு வாசலத் தாண்டாது."

யசீதிகளுக்கு நீலம் விலக்கு. ஊருக்கே தெரிந்த விஷயம். ஷமே வீட்டுக்கு டீ குடிக்கப் போகும்போதெல்லாம் நீல முக்காட்டை மாற்றிக்கொண்டு போனவள்தான் அய்தான். கொடி என்று வந்ததும் அது எப்படியோ மறந்துபோயிருந்தது.

"படிச்சவ பேசுற பேச்சாடி இது? நீயே இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பியே!"

"நான் சிரிப்பேன். புள்ளைங்களப் பெத்தவங்க சிரிக்க மாட்டாங்க. பச்சை போடேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

அய்தானுக்குச் சுருக்கென்றது. யாருக்கு என்ன நஷ்டமா? பழைய ஆட்சியில் அவள் அப்பாவை, தான் துர்க்மேன் இல்லை, அரபி என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். வீட்டைச் சோதித்தபோது பெட்டியடியில் ஒரு நீலக் கொடி கிடைத்தது. சிறையிலிருந்து திரும்பியவர் பிறகு யாரோடும் சத்தமாகப் பேசியதே இல்லை. அந்த மனிதர் கண்மூடுவதற்குள் அந்த நிறம் நாட்டின் கொடியில் பறப்பதைக் காட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

"எல்லாரோட நிறமும் இருக்கலாம், எங்களோடது மட்டும் போகணுமா?"

"போகணும்னு சொல்லலடி. உங்கப்பா கதை எனக்குத் தெரியாதா? உக்காந்து யோசிப்போம்னுதான்..."

"யோசிக்க ஒண்ணுமில்ல. உங்களுக்கு இந்தக் கொடியே வேண்டாம்னு நேராச் சொல்லிடு. உங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு ஊர்ல சொல்றாங்களே, சும்மாவா சொல்றாங்க?"

ஐயோ, சொல்லியே இருக்கக் கூடாது. ஷமேயின் கையால் எத்தனை வருஷம் சாப்பிட்டவள்! ஷமே துணிகளை எல்லாம் மடித்தாள். நீலத்தையும் தன் கையாலேயே, ஓரம் பிசகாமல் மடித்து அய்தானிடம் நீட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்க நாள் இருந்தது. ஷமேயின் தெரு வழியாகத்தான் அய்தான் தினமும் போய்வந்தாள். ரோஷம் காலைக் கட்டிப்போட்டது. கொடியை அவளே கோணல்மாணலாகத் தைத்து முடித்தாள். பின்னாளில், பாக்தாதில் யாரும் எந்தக் கொடியையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று ஆனபிறகு, ஷமேயும் குடும்பத்தோடு ஜெர்மனி போய்ச் சேர்ந்தபிறகு, அந்தத் தெருவை நினைத்து அய்தான் தன்னையே நொந்துகொண்டிருக்கிறாள்.

கொடி தைத்து முடித்த வாரம், வியாழக்கிழமை கொடியேற்றத்துக்கு மோசூலிலிருந்து கல்வி அதிகாரி வந்தார். அவரோடு வந்த போலீஸ்காரர்கள் பாதுகாப்புக்கென்று வாசல் கதவைப் பூட்டினார்கள். புதுக்கொடியை மைதானத்தின் நடுவே விரித்து, ஒவ்வொரு பட்டையின் நுனியையும் அந்தந்த ஜனத்துப் பிள்ளைகள் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. யசீதிப் பிள்ளைகள் ஒருத்தியும் வரவில்லை. ஷமேயும் வரவில்லை. வெள்ளை நுனி தொய்ந்து தரையைத் தொடப்போனது. அய்தான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளைக்குப் பிள்ளைங்க இல்லையா?" என்றார் அதிகாரி.

"உடம்பு சரியில்ல சார், காய்ச்சல்" என்று தலைமையாசிரியை சமாளித்தாள்.

தேசிய கீதம் தொடங்கியது. இரண்டாவது வரியில் அய்தானுக்கு ஏதோ வித்தியாசமாகக் கேட்டது. பாட்டு மைதானத்திலிருந்து மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

கதவுக் கம்பிகளுக்கு வெளியே ஷமே நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி அத்தனை யசீதிப் பிள்ளைகளும், பள்ளிச் சீருடையில், கையை நெஞ்சில் வைத்து, வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தார்கள். நீலம் விரித்த மைதானத்துக்குள் வராவிட்டாலும் பாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஷமேயின் கண் கொடியைப் பார்க்கவில்லை. அய்தானைத்தான் பார்த்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறக்கச் சொல்லலாம். நாலே எட்டு. ஆனால் கையை விட்டால் கொடி மண்ணில் விழும், அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார். பாட்டோ கடைசி வரிக்கு வந்துவிட்டது. அய்தான் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தாள். அவளுக்கு மட்டும் பாட்டு வரவில்லை.