பிறர் பார்வையில் மிருணாளினி

மிருணாளினி நாற்பத்து நான்காவது வயதில் உளவியல் படிக்கப் போனாள். சிட்னியின் டூங்கபியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பதினோரு வருடமாக வேலை செய்பவள். எந்தப் பிள்ளை அழுதாலும் அங்கே அவளிடம்தான் தூக்கிக் கொடுப்பார்கள். அவளுக்கு இருக்கிற பொறுமை யாருக்கும் வராது என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொல்லிச் சொல்லி, தான் ஓர் ஆலோசகராகவே ஆகலாம் என்ற எண்ணம் அவளுக்குள் வளர்ந்துவிட்டது. கணவன் யோகேஸ்வரன் மறுப்புச் சொல்லவில்லை. அவன் எதற்கும் மறுப்புச் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

முதல் வருடத்தின் பிற்பாதியில் 'சுயமும் ஆளுமையும்' என்றொரு பாடம் வந்தது. அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படை பார்வைக்கு எளிதாகத்தான் இருந்தது. ஒரு படிவத்தில் நாற்பது வாக்கியங்கள். 'நான் பிறரை எளிதில் மன்னிப்பேன்', 'என்னோடு இருப்பவர்கள் பயமில்லாமல் பேசுவார்கள்' என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை தனக்குத் தானே புள்ளி போட வேண்டும். பிறகு, கூட வாழ்கிற ஒருவர் அதே படிவத்தில் அவளுக்குப் புள்ளி போட்டு, அவளைக் காட்டும் ஒரு சம்பவத்தையும் எழுத வேண்டும். தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் படமும் மற்றவர் வைத்திருக்கும் படமும் எங்கே விலகுகின்றன என்பதுதான் கட்டுரை.

மிருணாளினி தன் பங்கை ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். பெரும்பாலும் ஐந்து. தற்பெருமையாகத் தெரியக்கூடாதென்று இரண்டொரு இடத்தில் நான்கு.

யோகேஸ்வரனிடம் கேட்டபோது அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாத்துக்கும் அஞ்சைப் போடும், நான் கையெழுத்து வைக்கிறன்" என்றான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. மகளிடம் போனாள்.

யாமினிக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு முந்திய மாதிரிப் பரீட்சைகள் இரண்டு வாரத்தில் தொடங்க இருந்தன.

"அம்மா, சீரியஸா? உண்மையைத்தான் போட வேணுமோ?"

"பின்னை? பொய் போட்டா நான் என்னத்தைப் படிக்கிறது? நீ மனசிலை இருக்கிறதை எழுது. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

யாமினி படிவத்தை அறைக்குக் கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் வைத்திருந்தாள். மன்னிப்பதற்கு ஒன்று. பயமில்லாமல் பேசுவதற்கு ஒன்று. 'சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்' என்பதற்கு மட்டும் ஐந்து. சம்பவம் எழுதும் இடத்தில் ஆங்கிலத்தில் சில வரிகள்: 'இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குப் பத்து வயது. ஒருநாள் படுக்கையை நனைத்துவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் அம்மா அந்தப் படுக்கை விரிப்பை முன்பக்க வேலியில் விரித்தார். பக்கத்தில் என்னை நிற்க வைத்தார். அப்பா எங்களைக் கடந்து காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.'

மிருணாளினி அதைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது, ஆனால் வேறு மாதிரி. முன்பக்கம்தானே வெயில் விழும்? வேறெங்கே காயப்போடுவது? பெற்ற தாயைப் பற்றி முன்பின் தெரியாத விரிவுரையாளருக்கு இப்படி எழுத இவளுக்கு எப்படி மனம் வந்தது? ஏமாற்றப்பட்டது தான்தான் என்று முழுமனதோடு நம்பினாள்.

ஒன்றும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதன்படி ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை. மறுநாள் காலை யாமினி "குட் மோர்னிங்" என்றபோதும் சொல்லவில்லை.

மேசையில் இரண்டு தட்டுகள் மட்டும் வந்தன. சோறு இரண்டு பேருக்கு அளவாக வெந்தது. யாமினி கதிரையில் வந்து உட்கார்ந்தால், அந்தக் கதிரையில் ஆளே இல்லாததுபோல மிருணாளினி கணவனோடு காலநிலை பேசினாள். நான்காம் நாள் யாமினி அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டாள். மிருணாளினி அவளைச் சுற்றி நடந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கத்தரிக்காய் எடுத்தாள்.

யாமினி தகப்பனிடம் போனாள். அவன் இரகசியமாகப் பாணும் வாழைப்பழமும் கொண்டுவந்து அறையில் வைப்பதை மட்டும் செய்துகொண்டிருந்தான்.

"அப்பா, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன். எனக்குப் படிக்கவே ஏலாமல் கிடக்கு."

யோகேஸ்வரன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீயும் கொஞ்சம் யோசிச்சு எழுதியிருக்கலாம், பிள்ளை."

மாதிரிப் பரீட்சை தொடங்கிய அன்று மழை. பஸ் வரவில்லை. யாமினி புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வீதியோரம் நின்றாள். மிருணாளினியின் கார் வீட்டிலிருந்து இறங்கி, அவள் நின்ற இடத்தில் மெதுவாகி, மழைத் துடைப்பான் இரண்டு தரம் ஆடி முடிய, போய்விட்டது. காப்பகத்தில் அன்று மிருணாளினி ஒன்பது பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துக் கைதட்டிப் பாடினாள். தாயைப் பிரிந்து விம்மிய ஒன்றை மடியில் வைத்து, அது தூங்கும்வரை முதுகைத் தடவினாள்.

யாமினி காலில் நனைந்த சப்பாத்தோடு அரை மணித்தியாலம் பிந்திப் போய் வேதியியல் எழுதினாள். அல்லது எழுதாமல் இருந்தாள்.

பத்தொன்பதாம் நாள், குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, அந்த ஃபோர்மை இன்னொருக்காத் தாங்கோ" என்றாள்.

புதுப் படிவம் ஏற்கனவே அச்சடித்து மேசையில் இருந்தது. யாமினி உட்கார்ந்து எழுத, மிருணாளினி பின்னால் நின்று பார்த்தாள். ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து. சம்பவத்துக்கு வந்ததும் யாமினியின் பேனை நின்றது.

"உனக்குச் சின்னம்மை வந்த நேரம் நான் ரெண்டு கிழமை லீவு போட்டுப் பார்த்தனான். அதை எழுது."

அதுவும் உண்மைதான். யாமினி எழுதினாள். எழுதி முடித்ததும் மிருணாளினி மகளின் தலையில் கை வைத்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு விழுந்த கை. யாமினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"முதல் எழுதினது கோவத்திலை எழுதினது. அது நீ இல்லை. இதுதான் நீ" என்றாள் மிருணாளினி. "சாப்பிட்டனியோ?"

ஒப்படைக்குத் தொண்ணூற்றொரு புள்ளிகள் கிடைத்தன. 'தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக அறிந்தவர்கள் அரிது' என்று விரிவுரையாளர் எழுதியிருந்தார். வென்ட்வேர்த்வில் கடையில் சாமான் வாங்கும்போது கண்ட தெரிந்தவர்களிடமெல்லாம் மிருணாளினி அதைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற யாமினி சிரித்தாள்.

அடுத்த வருடம் யாமினி மெல்பேர்னுக்குப் போய்த் தாதியியல் படிக்கத் தொடங்கினாள். சிட்னியில் இடம் கிடைத்திருந்தும் ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அழைப்பாள். பத்து நிமிடம் பேசுவாள். அம்மாவின் படிப்பைக் கேட்பாள், அப்பாவின் முழங்காலைக் கேட்பாள், தன்னைப் பற்றிக் கேட்டால் "நல்லாயிருக்கிறன்" என்பாள். அந்தப் பத்து நிமிடத்தில் பிழை பிடிக்க மிருணாளினியால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே அவளை அரித்தது. ஒருநாள் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டாள்.

மெல்பேர்னின் ட்ருகனினாவில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளின் வரிசையில் யாமினி ஓர் அறை எடுத்திருந்தாள். கதவைத் திறந்தது, அவளோடு படிக்கும் மலேசியத் தமிழ்ப் பெண் கேத்ரின். பின்னால் வந்த யாமினி ஒரு கணம் நின்றாள். முகத்தில் எதுவும் அசையவில்லை.

"கேத்ரின், இது என்ரை அன்ரி, மாமி முறை. சிட்னியிலை இருந்து வந்திருக்கிறா."

"ஓ! உள்ள வாங்க அன்ரி, உட்காருங்க" என்று கேத்ரின் பையை வாங்கினாள்.

மிருணாளினி வாயைத் திறந்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமில்லாமல், ஒரு நோயாளியின் நாடியைப் பார்ப்பவள் மாதிரி. "ஓம்" என்றாள் மிருணாளினி, போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள்.

கேத்ரின் தேத்தண்ணி போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, யாமினி உள்ளே போன நேரம் பார்த்துக் குரலைத் தணித்தாள். "நீங்க வந்தது நல்லதா போச்சு அன்ரி. அவளுக்குன்னு யாராவது இருக்கணும். அவங்க அம்மா கூட அவ பட்ட பாடு இருக்கே... கேட்டு நானே அழுதிட்டேன்."

மிருணாளினி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

விமான நிலையத்துக்கு யாமினிதான் காரில் கொண்டுபோய் விட்டாள். பாதி வழி போனதும் மிருணாளினி கேட்டாள்.

"நான் உன்ரை அன்ரியோ?"

"அம்மாவைப் பற்றிக் கேத்ரின் ஆக்களுக்கு நான் முதலே சொல்லிப்போட்டன்." யாமினி சிக்னலைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள். "அது நீங்கள்தான் எண்டு தெரிஞ்சா உங்களுக்குத்தானே வெக்கம்."

"நான் உனக்கு என்ன செய்யேல்லை? சொல்லு, என்ன செய்யேல்லை?"

பச்சை விழ, யாமினி வேகத்தைக் கூட்டினாள். நிலையத்தில் இறங்கிப் பையை எடுத்துக் கொடுத்து, வழக்கமாகச் செய்வதுபோலக் கட்டிப்பிடித்தாள். "ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன், அம்மா" என்றாள். சொன்னபடியே எடுத்தாள். அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறும் தவறாமல் எடுத்தாள்.

மெல்பேர்னிலிருந்து திரும்பிய அன்று சிட்னியில் யோகேஸ்வரன் அவளை ஏற்றிப்போக வந்திருந்தான். "பிள்ளை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டான்.

"நல்லாயிருக்கிறாள்" என்றாள் மிருணாளினி. "சந்தோசமாத்தான் கதைச்சவள்."

அவன் பையைப் பின்னால் வைத்துவிட்டுக் காரை எடுத்தான்.