ரோஸ் நிறத் துண்டு

தங்கை தன் கிட்டாரை மாடிவீட்டுக்குக் கொடுக்கப் போகிறாள் என்று கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுப் பிரித்த பிறகு அவள் இடது கையில் பழைய பிடி இல்லை. தந்தியை அழுத்தினால் விரல் நோகிறது, சத்தம் மழுங்குகிறது. மாடிவீட்டு அம்மா தன் மகளுக்காகக் கேட்க, இவளும் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

"கை போச்சுக்கா. சும்மா கெடந்து தூசி படியறதுக்கு, வாசிக்கிற புள்ளகிட்ட போகட்டும்."

எனக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் வாசிக்காத மாதங்களில் குழாய் சொட்டுவதெல்லாம் காதில் விழுந்தது. அப்படி ஓசையடங்கிக் கிடந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். வாய் வலிக்கிறது என்று ஒரு செட் திரும்பி வந்தால், அங்கே யாரும் வாயைக் குறை சொல்லமாட்டோம். முதலில் செட்டைத்தான் சந்தேகப்படுவோம். அதே புத்தியோடு கிட்டாரை மடியில் கிடத்திப் பார்த்தேன். விரல் வைத்து அழுத்தும் அந்த விரல் கட்டைக்கு மேல் தந்திகள் எக்கச்சக்க உயரத்தில் நின்றன. ஜன்னலோர ஈரத்தில் மரம் உப்பியிருந்தது. இதை அழுத்தினால் நல்ல கையே நோகும்.

"கோளாறு உன் கையில மட்டும் இல்லடி. கொஞ்சம் பொறு."

"பல்லு ராவுற கையால அதைத் தொடாதே!"

"குடுக்கப் போற பொருள்தானே, உனக்கென்ன?"

தந்திகளைத் தளர்த்தி, அடிப்பக்கத்தில் அவை ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டை உருவினேன். சேடில் என்று அதற்குப் பேர். பார்க்கப் பல் மாதிரியே இருந்ததா, அங்கேதான் சறுக்கினேன். பல் உயரமாக இருந்தால் கடிக்கும் பக்கத்தைத்தான் ராவுவோம். பழக்கதோஷத்தில் இதையும் மேலே ராவிவிட்டேன். அதிலிருந்த மெல்லிய வளைவு போயே போய்விட்டது. திரும்ப மாட்டி மீட்டினால், நடுத்தந்திகள் விரல் கட்டையில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் உரசிக் கிர்ர் என்றன.

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"விடுக்கா. இனி அந்தப் புள்ளைக்கும் ஆகாது," என்று உள்ளே போய்விட்டாள்.

விடுவேனா? விரல் கட்டையின் குறுக்கே மெழுகை அழுத்தி, அதன் வளைவை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். விடுமுறைதான், ஆனால் சாவி என்னிடம் இருந்தது. பல்லுக்குப் போடும் வெள்ளைப் பொடி தீர்ந்திருந்தது. ஈறுக்குப் போடும் ரோஸ் பொடிதான் டப்பா நிறைய இருந்தது. அதைக் குழைத்து, இறுகவைத்து, மெழுகின் வளைவுக்கு மேற்பக்கத்தைப் பொருத்தி, பழையதைவிட உயரமாக ஒரு துண்டு செய்தேன்.

வீட்டுக்கு வந்து, இந்த முறை அடியைத்தான் உப்புத்தாளில் தேய்த்தேன். தேய்ப்பது, மாட்டுவது, அழுத்திப் பார்ப்பது, கழற்றி மறுபடி தேய்ப்பது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கிர்ர் வருகிறதா என்று தந்தியருகே காதை வைத்துக் கேட்டேன். தந்திகள் கட்டையை ஒட்டி இறங்கின, உரசவில்லை.

"வந்து அழுத்திப் பாரு," என்று கூப்பிட்டேன்.

வந்தவள் வாயைப் பிளந்தாள். "என்னக்கா இது? கிட்டாருக்கு ஈறு கட்டி வச்சிருக்கே!"

"வெள்ளை தீந்துபோச்சு."

"பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்க? கறுப்பாவது கெடைக்கலியா உனக்கு? இந்த அழகுல மூணு மணி நேரமா மேசையெல்லாம் ஒரே தூள்..."

திட்டிக்கொண்டே சுருதி கூட்டினாள், திட்டிக்கொண்டே வாசித்தாள். ஒரு விரலைப் படுக்கவைத்து எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தவேண்டிய இடம் ஒன்று வரும். கட்டுப் பிரித்ததிலிருந்து அங்கே வந்தால் முகத்தைச் சுளித்து நிறுத்திவிடுவாள். இன்று என்னைத் திட்டுகிற மும்முரத்தில் அதைத் தாண்டிப் போனது அவளுக்கே தெரியவில்லை. பல் செட்டும் அப்படித்தான். சரியாக அமைந்துவிட்டால், வாயில் இருப்பதே மறந்துபோகும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மேசைத் தூளைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

வாசல் மணி அடித்தது. மாடிவீட்டு அம்மாவும் மகளும் நின்றார்கள்.

"யாருக்கா?" என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

"கிட்டார் வாங்கிட்டுப் போக வந்திருக்காங்க."

அவள் கை நிற்கவில்லை.

"எந்தக் கிட்டாரு?" என்றாள்.