மூஸா வைத்த கெடு

வைரக்கண்ணுவின் கொரியா வண்டி கடைசியில் நின்றேவிட்டது. அதுவும் மூஸாவின் பட்டறையில், மூஸாவின் கண்ணெதிரிலேயே நின்றது. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து, சத்தம் எப்படி இருக்கிறதென்று அவர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே எங்கோ ‘சடக்’ என்றது. அவ்வளவுதான். மறுபடி சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மட்டும் ஆளில்லாத வீட்டு ஃபேன் மாதிரி வெறுமனே சுற்றியது. இறங்கிவந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். டைமிங் பெல்ட் அறுந்து தொங்கியது. பெல்ட் அறுந்தால் உள்ளே வால்வுகள் வளைந்திருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி காலி. வைரக்கண்ணுவின் மகள் மதிவதனிக்குக் கல்யாணம் அடுத்த வாரம்.

மூஸாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. கால் நூற்றாண்டாக அவர் காத்துக்கொண்டிருந்த நாள் அது.

அவர் சவூதியில் தம்மாமில் வாடகைக் கார் கம்பெனி யார்டில் மெக்கானிக்காக இருந்தவர். தொண்ணூறுகளில் அங்கே ஜப்பான் வண்டிக்கு ஒரு மரியாதை, கொரியா வண்டிக்கு ஒரு சிரிப்பு. வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அப்பளமாய் நெளிந்துவிடும் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அந்தச் சிரிப்பையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் மூஸா மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்குத் திரும்பி வந்தார். வந்து பட்டறை போட்டதும் ஊருக்கே வண்டி ஜோசியர் ஆகிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கதவைச் சாத்துவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாங்கலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். அவரிடம் கேட்காமல் யாரும் வண்டி வாங்கியதில்லை.

வைரக்கண்ணு மட்டும் கேட்கவில்லை. மூஸாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன், மின்வாரியத்தில் லைன்மேன். கொரியாக்காரன் நம் நாட்டில் முதன்முதலாக விட்ட அந்த உயரமான சின்ன வண்டியை, கடனோடு கடனாக வாங்கி, தன் அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு கடைவீதி வழியாக ஓட்டிவந்தான். அந்த அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். சைக்கிள் வாங்கிய பிறகும் அந்த வீதியில் ஏறி ஓட்டியதில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். பின்சீட்டில் வைரக்கண்ணுவின் மனைவி அம்சம், மடியில் பல் முளைக்காத மதிவதனி. அப்துல் ஜலீல் டீக்கடை முன்னால் வண்டி நின்றதும் எல்லோரும் மூஸாவைத்தான் பார்த்தார்கள். அவர் எழுந்துபோய் கண்ணை மூடினார், கதவைச் சாத்தினார்.

“தகரம்” என்றார்.

சபை கூடிவிட்டால் மூஸாவுக்கு வாய் நிற்காது. “டேய் வைரம், ஒம் பொண்ணு கல்யாணத்துக்கு இது உருண்டு வந்துச்சுன்னா, நானே தொப்பி போட்ட டிரைவரா வந்து ஓட்டுறேன். இதே கடை வாசல்ல நிறுத்தி, வண்டி எப்படின்னு என் வாயாலயே சொல்றேன்” என்று கெடு வைத்தார். கடையே சிரித்தது. அந்த வீதியில் ‘எத்தனை நாளைக்கு’ என்று முணுமுணுத்தவர்கள் வண்டியை மட்டும் பார்த்து முணுமுணுக்கவில்லை, முன்சீட்டில் இருந்தவரைப் பார்த்தும்தான் என்பது வைரக்கண்ணுவுக்கு அப்போதே தெரியும். மூஸாவுக்கு அது உறைக்கக் கொஞ்சநாள் பிடித்தது. உறைத்த பிறகும் வைத்த கெடுவைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. ரோஷக்காரர்.

முதலில் இரண்டு மழைக்காலம் தாங்காது என்றார். மூன்றாவது மழையும் வந்து போனபோது, எஞ்சின் பரவாயில்லை, பாடி துருப்பிடிக்கும் பார் என்றார். ஊரில் டாக்டர் ஒன்று வாங்கினார், உரக்கடைக்காரர் ஒன்று வாங்கினார், வாடகை ஸ்டாண்டில் நாலு வந்து நின்றன. வேளாங்கண்ணிக்குச் சவாரி போகிற டிரைவர்கள் மூஸா காதில் விழும்படியே புகழ்ந்தார்கள். புதுசா இருக்கற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், பழசானால் தெரியும் என்றார் இவர். பழசும் ஆனது. கடைசியில் தம்மாமிலிருந்து மகன் அஸார் வீடியோ காலில் தன் கம்பெனி யார்டைச் சுற்றிக் காட்டினான். அத்தா நின்ற அதே மாதிரி யார்டு, வரிசையாகக் கொரியா வண்டிகள். இப்போது இதற்குத்தான் போட்டி என்றான். மூஸா சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

இதற்கு நடுவில் மாதம் தவறாமல் வைரக்கண்ணுவின் வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்துவிடுவார். குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே. அடியில் படுத்து, மூடியைத் திறந்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்ப்பார். லூஸாக ஏதாவது கிடைத்தால் பார்த்தாயா என்று ஊரைக் கூட்டிக் காட்டுவார். காட்டிவிட்டு அப்படியே விட மனசு வராது. தொழில்காரன் கை, முறுக்கிவிடுவார். துரு கண்ணில் பட்டால் தேய்த்து பெயின்ட் அடித்துவிடுவார். காசு வாங்கமாட்டார், எதிரியிடம் எப்படி வாங்குவது.

இப்போது எதிரி விழுந்துவிட்டான். மூஸா கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஜலீல் கடைக்கு நடந்தார். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட வழியிலேயே முடிவு செய்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, டீயை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஜலீலே கேட்டார்.

“என்ன பாய், கல்யாண வண்டி எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன” என்றார் மூஸா. “குதிரை மாதிரி நிக்குது.”

சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாயைத் திறந்த நேரத்தில், முன்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்த வைரக்கண்ணுவின் அப்பா எங்கிருந்தோ ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. மீதி டீயைக் குடிக்காமலே மூஸா எழுந்து வந்தார்.

பட்டறைக்கு வந்து அறுந்த பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அடுத்த இடி விழுந்தது. அதன்மேல் ஜப்பான் எழுத்து. ரெண்டு வருஷம் முன்னால் இந்த வண்டிக்குப் பெல்ட் மாற்றியபோது, தம்மாமிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் அத்தர் புட்டிகளோடு பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, நீளமும் பல்லும் ஒத்துப்போகிறதென்று எடுத்து மாட்டியவர் அவர்தான். இந்தத் தகரத்துக்குள்ளே ஒரு கௌரவமான பொருளாவது இருக்கட்டுமே என்ற நினைப்பு. பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், தன் பொக்கிஷத்துக்கு மட்டும் வயசே ஆகாது என்று நம்பியிருந்தார். கொரியாக்காரன் போட்டதெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, மூஸா போட்டது அறுந்துவிட்டது.

அவர் தனியாக உட்கார்ந்து சிரித்தார். கொஞ்சநேரம் சிரித்த பிறகு பயம் வந்தது. இவ்வளவு பழைய மாடலுக்கு வால்வு மயிலாடுதுறையில் இல்லை, திருச்சியிலும் கேட்டுப் பார்த்துவிட்டார், இல்லை. இனிமேல் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் கேட்க முடியும். அந்த ஆள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரன் நடத்தும் ஒரு கார் ஃபேக்டரியில், தரம் பார்க்கும் பிரிவில் இஞ்சினியர். கல்யாணப் பெண்ணும் அவள்தான்.

போனில் மதிவதனி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். என்ன பெல்ட் போட்டிருந்தீர்கள் என்ற கேள்வி வந்தபோது மூஸா ரெண்டு முறை இருமினார். சொன்னார். அப்புறம் அவள் போனை வாயிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அப்பாகிட்ட சொல்லாதம்மா” என்றார்.

“சொல்லல மாமா. நான் எடுத்துட்டு வரேன். நீங்க எஞ்சின் ஹெட்டைக் கழட்டி வைங்க.”

அவள் எங்கெங்கோ போன் போட்டு, யார் யாரையோ பிடித்து, வால்வையும் பெல்ட்டையும் வாங்கி, முகூர்த்தப் புடவைப் பையிலேயே மடித்து வைத்து ரயிலில் கொண்டுவந்துவிட்டாள். மருதாணி வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மூஸா வீட்டுக்கு வந்தாள். அது பொய்யுமில்லை. மூஸாவின் மனைவி சைத்தூன் பீவி முதலில் ரெண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி வைத்துவிட்டுத்தான் பட்டறைப் பக்கமே விட்டாள். அதனால் மதிவதனி எதையும் தொட முடியவில்லை. ரெண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டி எட்டிப் பார்த்தாள். சைத்தூன் பீவி டார்ச் அடித்தாள். மூஸா வால்வை உட்காரவைத்து, ஹெட்டை ஏற்றி, பெல்ட்டை மாட்டினார்.

“மாமா, ஒரு பல்லு தள்ளியிருக்கு.”

“இல்லம்மா, சரியா இருக்கு.”

“கீழ்ச் சக்கரத்துப் புள்ளியப் பாருங்க.”

மூஸா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. சைத்தூன் பீவி டார்ச்சை வேண்டுமென்றே அவர் முகத்தில் அடித்துவிட்டு மறுபடி எஞ்சினுக்குத் திருப்பினாள்.

சரிசெய்து முடித்ததும் மூஸா ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். மனசில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. “ஒங்க அப்பன் அன்னைக்கு எவ்வளவு ஆசையா வந்தான் தெரியுமா. நான் எல்லார் முன்னாடியும் தகரம்னுட்டேன்.”

மதிவதனி மருதாணி காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டாள்.

“எங்க பிளான்ட்ல ஒரு செக்‌ஷன் இருக்கு மாமா. அங்க இருக்கறவங்களுக்கு ஒரே வேலைதான். வண்டி நல்லா இல்லன்னு நிரூபிக்கணும். தினமும் அதான். ஒரு காலத்துல வெளிநாட்டுக்காரன் எல்லாம் எங்களப் பாத்துச் சிரிச்சான், சிரிச்சவன் என்னென்ன சொன்னான்னு கேட்டு ஒவ்வொண்ணா சரி பண்ணோம்னு எங்க கொரியா மேனேஜர் சொல்லுவாரு.” அவள் வண்டியைப் பார்த்தாள். “அப்பா வண்டிக்கு அந்த செக்‌ஷன் நீங்கதான். எவனாவது நல்ல வண்டின்னு சொல்லிட்டுப் போயிருந்தா இது எப்பவோ கெடையில கெடந்திருக்கும்.”

மூஸா பேச்சை மாற்றுவதற்காகச் சாவியைத் திருகினார். வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

பெண் அழைப்பு அன்று சாயங்காலம் மூஸா வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், எங்கிருந்தோ தேடிப்பிடித்த டிரைவர் தொப்பியோடு வைரக்கண்ணுவின் வாசலில் வந்து இறங்கினார். அம்சம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெருப்பிள்ளைகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பெண்ணை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஆனி மாதம், வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து ரெண்டு பக்கமும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, சேற்றுக் கையாலேயே மதிவதனிக்கு டாட்டா காட்டினார்கள். அவள் ஜன்னல் வழியாகச் சிவந்த கையை ஆட்டினாள். வைரக்கண்ணு முன்சீட்டில், அவன் அப்பா உட்கார்ந்த அதே இடத்தில், பட்டுவேட்டி கசங்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். வாய்க்கால் பாலம் தாண்டும்வரை எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான்.

“என்ன பெல்ட்டுடா போட்ட?”

மூஸா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கொரியா பெல்ட்டு.”

“சத்தத்துலயே தெரியுது” என்றான் வைரக்கண்ணு. பின்சீட்டில் மதிவதனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஜலீல் கடை வாசலில் கூட்டம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. கெடு வைத்த அன்று இருந்தவர்களில் பாதிப்பேர் இல்லை. ஆனால் கதை தெரியாதவர் ஒருவரும் இல்லை. மூஸா வண்டியை நிறுத்தினார், இறங்கினார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கண்ணை மூடிக் கதவைச் சாத்தினார். கடையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

சத்தம் மாறவே இல்லை. அன்றைக்குக் கேட்ட அதே சத்தம்தான். மூஸா கண்ணைத் திறக்காமலே இன்னொரு முறை கதவைத் திறந்து சாத்திக் கேட்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“சொல்லுங்க பாய்” என்றார் ஜலீல். “இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

மூஸா திரும்பி, பின்சீட்டில் இருந்த கல்யாணப் பெண்ணைக் கையால் காட்டினார்.

“இவ பொண்ணு கல்யாணம் வரைக்கும்.”

கடையில் விசில் பறந்தது. வைரக்கண்ணு சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏறுடா, நேரமாகிறது என்றான். மூஸா ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். மயிலாடுதுறை ரோட்டில் திரும்பியபோது கண்ணாடியில் பார்த்தார். சொந்தக்காரர்களின் வண்டிகள் பின்னால் நீளமாக வந்துகொண்டிருந்தன. பளபளவென்ற புது வண்டிகள், முக்கால்வாசி கொரியாதான். ஒன்றும் ஹார்ன் அடிக்கவில்லை. ஒன்றும் முந்திப் போகவில்லை. அந்தச் சின்னப் பழைய வண்டி எந்த வேகத்தில் போனதோ, அதே வேகத்தில் அவை அத்தனையும் காவிரியை ஒட்டி வந்துகொண்டிருந்தன.